கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டாமா?

நிலத்தைக் காக்கப் போராடும் உழவர்கள் மீது தடை உத்தரவும் தடுப்புக் காவலும் வருகின்றன. பிறகு அந்த உத்தரவு சரியா, தவறா என்று யாரிடம் கேட்பது? எப்படிக் கேட்பது?

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. தெருக்களில் படகு ஓடியது. அப்படிப்பட்ட நேரத்தில் 'வீட்டை விட்டு வெளியேறுங்கள்' என்று அதிகாரி உத்தரவு போடலாம், பாதையை அடைக்கலாம், பள்ளிக்கூடத்தை முகாமாக மாற்றலாம். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆபத்து வந்தால் அரசுக்குக் கூடுதல் அதிகாரம் தேவை.

அதே ஊர்களைத் தாண்டி, மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத் நோக்கிப் போனால் வேறொரு கதை கிடைக்கும். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி இது. இன்று பாதிக்கு மேல் மனைப்பிரிவும் தொழிற்சாலையும்தான் கண்ணில் படுகின்றன. மீதி நிலத்துக்கும் சாலை, தொழிற்பேட்டை, விமான நிலையம் என்று ஏதாவது ஒரு திட்டம் வந்துகொண்டே இருக்கிறது. நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று உழவர்கள் உட்கார்ந்தால், வெள்ளத்துக்கும் கலவரத்துக்கும் வைத்திருக்கும் அதிகாரம் அவர்கள் பக்கம் திரும்புகிறது. கூட்டம் கூடத் தடை, நள்ளிரவுக் கைது, குண்டர் சட்டம் என்று அது வரும்.

அதிகாரம் தேவைதான். ஆனால் அதைப் பயன்படுத்தியவர், எதற்காகப் பயன்படுத்தினேன் என்று பின்னால் கணக்குச் சொல்ல வேண்டும். ரேஷன் கடைக்காரர் இருப்புக் கணக்குக் காட்டுகிறார். கூட்டுறவு வங்கிச் செயலாளர் தணிக்கைக்குப் பதில் சொல்கிறார். ஒரு உழவரை ஓராண்டு சிறையில் வைக்கும் உத்தரவுக்கு மட்டும் தணிக்கை வேண்டாமா?

எட்டு வழிச் சாலை சொன்ன பாடம்

2018-இல் சென்னை - சேலம் எட்டு வழிச் சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. தாம்பரம் பக்கத்தில் தொடங்கி, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் வழியாகச் சேலம் வரை சுமார் 277 கிலோமீட்டர். மதிப்பீடு 10,000 கோடி ரூபாய். நன்செய், தென்னந்தோப்பு, கிணறு, வீடு எல்லாம் அளவுக்கல்லுக்குள் வந்தன.

அந்த ஜூன் மாதத்தில் போலீஸ் காவலோடு நிலம் அளக்கும் வேலை நடந்தது. எதிர்த்துப் பேசியவர்கள் கைதானார்கள். விவசாயிகளுக்கு ஆதரவாகப் பேசிய சூழல் ஆர்வலர், நடிகர், மாணவி என்று அடுத்தடுத்து வழக்குப் பாய்ந்தது. செப்டம்பரில் விவசாயிகளைச் சந்திக்க வந்த யோகேந்திர யாதவ், செங்கம் பகுதியில் போலீஸாரால் தடுத்து வைக்கப்பட்டார்.

2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. நில ஆவணங்களில் அவசரமாகச் செய்த பெயர் மாற்றங்களைப் பழையபடி திருத்தவும் உத்தரவிட்டது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், நிலம் எடுப்பு அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்துத் திட்டத்தைத் தொடர வழிவிட்டது. ஆனாலும் சாலை போடப்படவில்லை.

நிலம் பற்றிய கேள்விக்கு இரண்டு நீதிமன்றங்களும் பதில் சொல்லிவிட்டன. கைது பற்றிய கேள்வி அப்படியே நின்றது. அளவீட்டை எதிர்த்துக் கேள்வி கேட்ட உழவரைக் காவல் வண்டியில் ஏற்றியது சரியா? உத்தரவு கொடுத்தது யார்? என்ன காரணம் எழுதினார்கள்? இதை விசாரிக்க எந்த ஏற்பாடும் இல்லை.

2021-இல் ஆட்சி மாறியது. வேளாண் சட்டங்கள், எட்டு வழிச் சாலை, கூடங்குளம் போன்ற போராட்டங்களில் போட்ட 5,570 வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. கோர்ட்டுக்கு அலைந்த குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி. வழக்கு போனதோடு கேள்வியும் போய்விட்டது என்பதுதான் குறை. தவறான வழக்கு என்றால் போட்டவர் பதில் சொல்ல வேண்டும். சரியான வழக்கு என்றால் திரும்பப் பெற்றவர் காரணம் சொல்ல வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. களையை மேலாக அறுத்துவிட்டு வேரை விட்டால் அடுத்த மழைக்கு முளைக்கத்தானே செய்யும்?

மேல்மாவில் மீண்டும் முளைத்தது

இரண்டே ஆண்டில் முளைத்தது. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு பகுதியில் சிப்காட் விரிவாக்கத்துக்காக மேல்மாவும் சுற்றியுள்ள ஊர்களுமாகச் சேர்த்து 3,174 ஏக்கர் எடுக்கத் திட்டம். தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத், காஞ்சிபுரம் தாண்டி, பாலாற்றைக் கடந்தால் அந்தப் பக்கம்தான். 2023 ஜூலையில் விவசாயிகள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நூறு நாளைத் தாண்டியும் கலையவில்லை.

நவம்பர் 4 அன்று சுமார் 20 பேர் கைதானார்கள். மாத நடுவில் அவர்களில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. மாநிலம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களில், நவம்பர் 17 அன்று, ஆறு பேர் மீதான உத்தரவைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. ஏழாவது நபர் மீதான உத்தரவு அப்போது நீடித்தது.

திங்கள்கிழமை குண்டராக இருந்தவர் வெள்ளிக்கிழமை எப்படி விவசாயி ஆனார்? ஓராண்டு சிறையில் வைக்கும் அளவுக்கு ஆபத்தானவர் என்று கோப்பில் எழுதியது உண்மையானால், சில நாளில் விடலாமா? உண்மை இல்லையென்றால், எழுதியவர் யாருக்குப் பதில் சொன்னார்?

நவம்பர் மாதம் உழவருக்கு எப்படிப்பட்ட மாதம் என்பதையும் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். சம்பா வயலில் நீரை வடிக்க வேண்டும், மேலுரம் இட வேண்டும், இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வருகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். பல மாவட்டங்களில் சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யும் கெடு நவம்பர் 15. அந்த நேரத்தில் வீட்டுத் தலைவர் சிறையில் இருந்தால், மனைவி வக்கீலைத் தேடுவாரா, வரப்பை வெட்டிவிடுவாரா, மாட்டுக்குத் தீவனம் வைப்பாரா? உத்தரவைத் திரும்பப் பெற்றாலும் போன பருவம் திரும்பாது. அதற்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

மேல்மாவோடு தொடங்கியதும் இல்லை. 2017 ஜூலையில், கதிராமங்கலம் விவசாயிகளுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்த சேலம் மாணவி ஒருவர் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அப்போது ஆண்டது ஒரு கட்சி, 2023-இல் ஆண்டது வேறு கட்சி. சட்டப் புத்தகம் ஒன்றே. நாற்காலியில் உட்காருபவரைப் பார்த்து நம்பிக்கை வைப்பதைவிட, நாற்காலிக்கே கணக்குப் புத்தகம் வைப்பதுதான் உழவருக்குப் பாதுகாப்பு.

குண்டர் சட்டத்தின் நாள் கணக்கு

1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டத்தைத்தான் குண்டர் சட்டம் என்கிறோம். கள்ளச்சாராயம் விற்பவர், போதைப்பொருள் கடத்துபவர், மணல் கொள்ளையர், நில அபகரிப்பாளர் போன்றோருக்காக வந்த சட்டம். இது தண்டனை கிடையாது, தடுப்புக் காவல். அதாவது, நடந்த குற்றத்தை நிரூபிக்காமலே, இனி நடக்காமல் தடுக்க என்று சொல்லி உள்ளே வைப்பது. மாவட்டத்தில் ஆட்சியரும், மாநகரக் காவல் எல்லைக்குள் காவல் ஆணையரும் கையெழுத்திடுவார்கள்.

2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகம் இருக்கிறது. மணிமங்கலம், சோமங்கலம் போன்ற உழவர் ஊர்களும் அதில் சேர்ந்தன. ஆகவே தென்சென்னைப் புறநகர் உழவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தன் ஊர் ஆணையர் எல்லையா, ஆட்சியர் எல்லையா என்பது.

இந்தச் சட்டத்தின் உள்ளேயே அரசைக் கட்டும் நாள் கணக்கு இருக்கிறது. பயிருக்கு நாள் கணக்கு வைப்பது போல இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

5 நாள்: காவலில் வைத்த காரணங்களைக் கைதானவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டிய கெடு. அவருக்குத் தெரிந்த மொழியில் கொடுக்க வேண்டும்.

12 நாள்: ஆட்சியரோ ஆணையரோ போட்ட உத்தரவுக்கு மாநில அரசு ஒப்புதல் தர வேண்டிய கெடு. இல்லையென்றால் உத்தரவு நிற்காது.

3 வாரம்: அறிவுரைக் குழுமத்தின் முன் கோப்பை வைக்க வேண்டிய கெடு.

7 வாரம்: குழுமம் அறிக்கை தர வேண்டிய கெடு. போதிய காரணம் இல்லை என்று குழுமம் சொன்னால் விடுவித்தே ஆக வேண்டும்.

12 மாதம்: அதிகபட்சக் காவல்.

கைதானவர் அனுப்பும் முறையீட்டை அரசு தாமதமின்றிப் பரிசீலிக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு தரும் உரிமை. முறையீட்டைக் கிடப்பில் போட்டது, தமிழில் நகல் தராதது, ஆவணங்களைச் சரியாகத் தராதது போன்ற காரணங்களுக்காக உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட உத்தரவுகளை ரத்து செய்வது வழக்கமாக நடக்கிறது. அதற்குள் பல மாதம் ஓடிவிடும் என்பதுதான் வேதனை. நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு அதிகாரி மீது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பும் சட்டத்தில் இருக்கிறது. உத்தரவு செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும், போட்டவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை.

செங்கல்பட்டு எம்.பி.யின் நாட்குறிப்பு

தாம்பரம் இன்று இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில். அந்தச் செங்கல்பட்டு தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் சிட்டிபாபு. சென்னை மேயராகவும் இருந்தவர். 1975 ஜூன் 25 இரவு நாட்டில் நெருக்கடி நிலை வந்தது. 1976 ஜனவரி 31 அன்று தமிழக ஆட்சி கலைக்கப்பட்டது. மிசா சட்டத்தில் கைதானவர்கள் சென்னை மத்தியச் சிறையில் அடிக்கப்பட்டார்கள். அடிபட்டவர்களில் சிட்டிபாபுவும் ஒருவர், இன்றைய தி.மு.க. தலைவர் மு.க.ஸ்டாலினும் ஒருவர். சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார்.

நெருக்கடி நிலை முடிந்ததும் சிறையில் நடந்ததை விசாரிக்க நீதிபதி மு.மு.இஸ்மாயில் ஆணையம் அமைந்தது. சிட்டிபாபு சிறையில் எழுதி வைத்த நாட்குறிப்பு சாட்சியங்களில் ஒன்றானது. கைதிகள் தாக்கப்பட்டது உண்மை என்று ஆணையம் கண்டறிந்தது. உள்ளே நடந்ததை அன்றன்று எழுதி வைத்த ஒரு நோட்டு, எழுதியவர் மறைந்த பிறகும் அவருக்காகப் பேசியது. உழவர்கள் இதை மறக்கக் கூடாது.

நாடு முழுவதும் நடந்ததை நீதிபதி ஷா ஆணையம் விசாரித்தது. மிசாவிலும் இந்தியப் பாதுகாப்பு விதிகளிலும் 1,10,806 பேர் காவலில் வைக்கப்பட்டதை அதன் அறிக்கை எண்ணிச் சொன்னது. 1978-இல் மூன்று பகுதிகளாக அறிக்கை வந்தது. 1980-இல் பழைய ஆட்சி திரும்பியதும் அறிக்கையின் பிரதிகளே கிடைக்காமல் போயின. தமிழகத்தைச் சேர்ந்த நாடாளுமன்றவாதி இரா.செழியன் தன்னிடம் இருந்த பிரதியை வைத்து 2010-இல் அதை மீண்டும் அச்சிட்டார். அவர் கைப்பிரதி இல்லாதிருந்தால் அந்தக் கணக்கை நாம் எளிதில் பார்த்திருக்க முடியாது.

ஆனாலும் அந்த விசாரணைகள் வீண் போகவில்லை. 1978-இல் 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்துக்கு இனி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாது, ஆயுதக் கிளர்ச்சி இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஒப்ப வேண்டும். உயிர் வாழும் உரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க முடியாது. பெரிய கதவுக்குப் பூட்டு போட்டாயிற்று. தடை உத்தரவு, தடுப்புக் காவல் என்ற சின்னக் கதவுகள்தான் இன்னும் திறந்து கிடக்கின்றன. உழவர்கள் மீது அதிகாரம் வருவது அந்த வழியாகத்தான்.

அறிக்கை வந்தால் போதுமா?

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் பேரணியின் 100-ஆவது நாள். தடை உத்தரவு போட்டிருந்த நிலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் சில நாட்கள் முடக்கப்பட்டது.

மறுநாளே நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அறிவிக்கப்பட்டது. 2022 மே 18 அன்று இறுதி அறிக்கை அரசிடம் போனது. அக்டோபர் 18 அன்று சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல் துறையினர் 17 பேர் மீதும் அப்போதைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது.

1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டப்படி, அறிக்கை கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு சேர்த்து அதை அவையில் வைக்க வேண்டும். அதனால்தான் அறிக்கை வெளியே வந்தது. ஆனால் ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஏற்கலாம், பாதி ஏற்கலாம், அலமாரியில் வைக்கலாம். மண் பரிசோதனை அட்டை வந்த பிறகும் பழைய உரத்தையே போட்டால் அட்டையால் என்ன பயன்? அறிக்கை அவைக்கு வந்த நாளோடு மக்கள் கேட்பதை நிறுத்திவிட்டால் அதுதான் நடக்கும்.

பக்கத்து நாட்டிலும் தூரத்து நாட்டிலும்

இலங்கையில் 2022-இல் உரத் தட்டுப்பாடு, எரிபொருள் வரிசை, விலைவாசி என்று மக்கள் கொதித்தெழுந்தார்கள். ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியதில் நெல்லும் தேயிலையும் அடிவாங்கியதை உழவர்கள் அறிவார்கள். ஜூலை 17 அன்று, பதில் அதிபராக இருந்த ரணில் விக்ரமசிங்க அவசர நிலை அறிவித்தார். அதை எதிர்த்து மக்கள் வழக்குப் போட்டார்கள். மூன்றாண்டு கழித்து, 2025 ஜூலை 23 அன்று, அந்த அறிவிப்பு மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று இலங்கை உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அப்போது ரணில் பதவியில் இல்லை, அவசர நிலையும் எப்போதோ முடிந்துவிட்டது. முடிந்துபோன விஷயம் என்று நீதிமன்றம் கோப்பை மூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கனடாவில் 2022 பிப்ரவரி 14 அன்று, லாரி ஓட்டுநர்களின் முற்றுகையைக் கலைக்க அவசரச் சட்டத்தை அரசு கையில் எடுத்தது. 23-ஆம் தேதி விலக்கிக்கொண்டது. அந்த நாட்டுச் சட்டத்திலேயே ஒரு விதி இருக்கிறது. அவசர அதிகாரம் முடிந்த 60 நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும், 360 நாளுக்குள் அறிக்கை அவைக்கு வர வேண்டும். யாரும் போராடிக் கேட்க வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில் வந்த ஆணைய அறிக்கை, அரசு செய்தது சட்ட வரம்புக்குள் இருந்தது என்றது. 2024 ஜனவரியில் ஒரு கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி, அது நியாயமற்றது என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு பதிலும் வேறு வேறுதான். ஆனால் கேள்வி கேட்கப்பட்டது. விசாரணைக் குழுவின் முன் பிரதமரே வந்து உட்கார்ந்து சாட்சி சொன்னார்.

நம் குண்டர் சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை. போராட்டக்காரர் மீது உத்தரவு போட்டு, அது ரத்தானாலோ திரும்பப் பெறப்பட்டாலோ, ஏன் போட்டோம் என்ற விளக்கம் சட்டமன்றத்தின் முன் தானாக வர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். உழவர் சங்கங்கள் நிலத்துக்காகக் கோரிக்கை வைக்கும்போது இந்த ஒரு வரியையும் சேர்த்துக் கேட்கலாம்.

தடை உத்தரவு எவ்வளவு தூரம் போகலாம்?

பழைய 144 தடை உத்தரவு, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆம் பிரிவாகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது. மாநில அரசு நினைத்தால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டலாம்.

2020 ஜனவரி 10 அன்று, காஷ்மீர் தொடர்பான அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சில விஷயங்களைத் தெளிவாக்கியது. தடை உத்தரவையும் இணைய முடக்க உத்தரவையும் வெளியிட வேண்டும். காரணம் எழுதியிருக்க வேண்டும். நியாயமான கருத்தையோ குறையையோ சொல்வதைத் தடுக்க இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது. திரும்பத் திரும்ப ஒரே உத்தரவைப் போடுவது அதிகார துஷ்பிரயோகம். ஆக, 'மேலிடத்து உத்தரவு' என்று வாயால் சொல்வது போதாது. காகிதம் வேண்டும்.

தொற்று, பேரிடர் போன்ற உண்மையான காரணம் இருக்கும்போதும் கேள்வி கேட்கலாம். 2020 அக்டோபர் 2 அன்று நடக்க வேண்டிய கிராம சபைக் கூட்டங்களை, கொரோனாவைக் காரணம் காட்டி முந்தின நாள் அரசு ரத்து செய்தது. வேளாண் சட்டங்கள் பற்றிக் கிராமங்கள் பேசத் தயாராக இருந்த நேரம் அது. நோய் உண்மை. கடைத்தெரு திறந்திருக்கும்போது கிராம சபையை மட்டும் மூடியது ஏன் என்ற கேள்வியும் உண்மை.

உழவர்கள் கையில் இருக்க வேண்டியவை

1. ஒரு நோட்டு. போராட்டம் தொடங்கிய நாள், கூடியவர் எண்ணிக்கை, வந்த அதிகாரியின் பதவி, வண்டி எண், சொன்ன வார்த்தை எல்லாம் அன்றன்று எழுதப்பட வேண்டும். எழுதியவரோடு இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும்.

2. உத்தரவின் நகல். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, யார் கையெழுத்து, எத்தனை நாள் என்பதைப் பார்க்க வேண்டும். நகல் தர மறுத்தால், மறுத்ததையே பதிவுத் தபாலில் எழுதி அனுப்ப வேண்டும்.

3. தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் பற்றிய தகவல் என்றால் 48 மணி நேரம்.

4. கைதானால்: காரணத்தை உடனே சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். தடுப்புக் காவலுக்கு இந்த 24 மணி நேர விதி பொருந்தாது. அதற்கு மேலே சொன்ன நாள் கணக்கு.

5. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணை அழைக்கலாம். சட்டவிரோதக் காவல் என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

6. மனித உரிமை ஆணையத்தில் புகார் செய்வதானால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் செய்ய வேண்டும்.

7. போராட்டத்தில் கல் எறியவோ பேருந்தை உடைக்கவோ யாரையும் விடக் கூடாது. ஒருவர் எறியும் ஒரு கல், நூறு நாள் அமைதியாக உட்கார்ந்தவர்கள் மீது உத்தரவு எழுதக் காரணமாகிவிடும்.

உழவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

*போராட்ட வழக்கு இருந்தால் பி.எம். கிசான் பணம் நின்றுவிடுமா?*

நிற்காது. வழக்கு இருப்பதை வைத்து ஒதுக்கும் விதி அந்தத் திட்டத்தில் இல்லை. நிலத்தின் பட்டாவுக்கும் வழக்கால் பாதிப்பு இல்லை. ஆனால் இ-கே.ஒய்.சி. போன்றவற்றை முடிக்காமல் விட்டால் தவணை தடைப்படலாம். வீட்டில் இருப்பவர்கள் கெடுத் தேதிகளைக் குறித்து வைப்பது நல்லது.

*நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்க அறிவிப்பு வந்தால் ஆட்சேபனை சொல்ல எத்தனை நாள்?*

தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்க வேண்டும். போராட்டப் பந்தலில் உட்கார்ந்ததால் ஆட்சேபனை கொடுத்ததாக ஆகாது. இரண்டையும் செய்ய வேண்டும்.

*கிராம சபைத் தீர்மானத்தால் திட்டம் நிற்குமா?*

தீர்மானம் மட்டும் திட்டத்தை நிறுத்தாது. ஆனால் ஊர் என்ன சொன்னது என்பதற்கு அழியாத பதிவு அது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது அதனால்தான். தாம்பரம் போல மாநகராட்சியான இடங்களில் கிராம சபை இல்லை, பகுதி சபையில் பேச வேண்டும்.

*தவறாகக் காவலில் வைத்ததற்கு இழப்பீடு கேட்க முடியுமா?*

முடியும். 1985-இல், சட்டமன்றத்துக்குப் போகவிடாமல் காவலில் வைக்கப்பட்ட காஷ்மீர் உறுப்பினர் பீம் சிங்குக்கு 50,000 ரூபாய் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உயர் நீதிமன்றத்திலும் ரிட் மனு மூலம் கேட்கலாம். அப்படிக் கேட்கும்போது கெட்டுப்போன பயிர், விற்ற மாடு, வாங்கிய கடன் ஆகியவற்றின் கணக்கு ரசீதோடு இருக்க வேண்டும்.

*கூட்டம் நடத்த அனுமதி கேட்டால் பதிலே வருவதில்லை, என்ன செய்வது?*

சென்னை மாநகரக் காவல் சட்டம் நடைமுறையில் உள்ள எல்லையில் 5 நாளுக்கு முன்பே மனு கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்கக் காவல் துறைக்கு நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம்.

சிட்டிபாபுவின் நாட்குறிப்பும் செழியன் காப்பாற்றிய பிரதியும் காட்டுவது ஒன்றுதான். அரசின் கோப்பு காணாமல் போகலாம், மக்களின் நோட்டு இருந்தால் கேள்வி உயிரோடு இருக்கும். வரவு செலவு எழுதும் நோட்டில் நாலு பக்கத்தை இதற்கும் ஒதுக்கி வைக்கலாம்.